சுண்ணாம்புக்குக் கீழே திமாரெத்தா

1955ஆம் வருடம் அக்டோபர் மாதம் பனாகோஸைத் தோண்டி எடுத்தபோது, மூன்று வருடங்களுக்கு முன் புதைத்த அன்று எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். கடைசிச் சவரத்தில் நாவிதன் கத்தி பட்ட கீறல் கன்னத்தில் சிவப்பாகவே இருந்தது. மார்பில் வைத்த திருநீற்றுப்பச்சைக் கொத்து வாடவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டில் ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்கவில்லை. குழிவெட்டி சந்தேகம் தீர ஒரு கை மண்ணை அள்ளி அவன் மேல் போட்டுப் பார்த்தான். தாமரை இலைத் தண்ணீர் போல அது உருண்டு இரண்டு பக்கமும் விலகிப் போனது. எலும்பைக் கழுவுவதற்காகச் சிவப்பு ஒயின் கொண்டுவந்திருந்த பெண்கள் அதைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அந்த வருடம் ஆலிவ் நன்றாகக் காய்த்திருந்தது, எண்ணெய் விலை மட்டும் படுத்துவிட்டது.

எங்கள் லித்ராவில் பாறைக்குப் பஞ்சமில்லை, மண்ணுக்குத்தான் பஞ்சம். கல்லறை மேட்டில் மொத்தம் பத்தொன்பது குழிகள். அவற்றில் கிடக்கும் மண்ணும் பாட்டன் காலத்தில் கீழே ஓடைக்கரையிலிருந்து கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்தது. ஆகவே இங்கே யாரும் நிரந்தரமாகப் படுத்துக்கொள்ள முடியாது. மூன்று வருடம் படுக்கலாம், பிறகு எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். எலும்பைப் பெண்கள் ஒயினில் கழுவி, வெயிலில் காயவைத்து, பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி எலும்பறையில் அடுக்குவார்கள். எலும்பு தேன் நிறத்தில் இருந்தால் நல்ல மனிதன் என்று சொல்லிக்கொண்டே கழுவுவார்கள். கறுத்திருந்தால் பேசாமல் கழுவுவார்கள். உடம்பு கரையாமலே கிடந்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் எங்களுக்குத் தெரியும்: பொய்ச் சத்தியம் செய்தவனை மண் வாங்காது. இது எந்த வேதத்திலும் இல்லை என்று பாதிரியார் அனார்கிரோஸ் வருடத்துக்கு இரண்டு பிரசங்கம் செய்வார். மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள பாதிரியாரிடம் போகிறவர்கள் எங்கள் ஊரில் கிடையாது.

பனாகோஸ் சத்தியம் செய்ததை ஊரே பார்த்திருந்தது. உள்நாட்டுச் சண்டை நடந்த 1948இல், அவன் மனைவி ஸபேத்தாவின் தம்பி ஸ்த்ராதிஸ் மலையிலிருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட மலைக்காரர்களோடு சேர்ந்துவிட்டு, பிறகு பயந்து ஓடிவந்து கடலோரக் குகை ஒன்றில் ஒளிந்திருந்தான். அவன் அங்கே இருப்பது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: ரொட்டி கட்டிக்கொண்டு போன ஸபேத்தா, அவளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோன பனாகோஸ். ஒருநாள் காலையில் சிப்பாய்கள் யாரையும் வழி கேட்காமல் நேரே அந்தக் குகைக்குப் போய் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை. அடுத்த ஞாயிறு ஸபேத்தா கணவனைக் கோவிலுக்குக் கூட்டிப்போய், ஊர் பார்த்திருக்க, நற்செய்திப் புத்தகத்தின்மேல் அவன் கையைத் தானே பிடித்து வைத்தாள். நான் காட்டிக் கொடுக்கவில்லை என்று அவன் சத்தியம் செய்தான். நம்புகிறேன் என்று அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதற்குப் பிறகு நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். சில நாள் நம்பினாள், சில நாள் நம்பவில்லை. அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தது அவள் நம்பாத ஒரு நாளில்.

ஆகவே அவன் கரையாமல் கிடந்ததும் ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ரொட்டி அடுப்படியில் ஸபேத்தா வந்தால் பெண்கள் இடம் விட்டார்கள்; மரியாதைக்காக விடுகிற இடமா அருவருத்து விடுகிற இடமா என்பது அவளுக்குத் தெரியும். தம்பியைக் கொன்றவனோடு படுத்து எழுந்தவள் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். பனாகோஸைத் திரும்பப் புதைத்தார்கள், பாதிரியார் மன்னிப்பு மன்றாட்டு படித்தார், மேட்டிலிருந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவள் மட்டும் குழியருகே உட்கார்ந்திருந்தாள்.

இந்த இடத்தில் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கோவிலில், சவப்பெட்டியை வைக்கிற இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு பளிங்குப் பீடம் இருக்கிறது. அதன் தலையில் நீளமாக ஒரு குழி. எந்தக் காலத்திலோ யாருடைய நினைவுக்கல்லோ அதில் ஊன்றி நின்றிருக்கிறது. கோவில் கட்டியவர்கள் அதை இடிபாடுகளில் கண்டெடுத்து, பெட்டி வைக்க வாகாக இருக்கிறதே என்று தூக்கிவந்து போட்டார்கள். அதில் ஒரு தவறும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பன்றிக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டிகூட ஏதோ ஒரு பழைய பிரபுவின் சவத்தொட்டிதான். ஈஸ்டருக்கு முந்தைய வாரம், லாசரு சனிக்கிழமை அன்று, கோவிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். சுவர், படி, வாசல் மரத்தின் அடி, எது அசையாமல் நிற்கிறதோ அதற்கெல்லாம் அடிப்போம். நூறு வருடத்துச் சுண்ணாம்பு அந்தப் பீடத்தின்மேல் மூன்று விரல்கடை தடித்துக் கிடந்தது. கோவில் சாவியும் சுண்ணாம்பு மட்டையும் கல்யாணமாகி வந்த நாள்முதல் ஸபேத்தாவிடம்தான்.

1952 ஜூலையில் பொலிக்ஸேனி என்ற ஒருத்தி பழைய எழுத்துகளைப் படிப்பதற்காக ஏதென்ஸிலிருந்து வந்தாள். நாற்பது வயது, ஆம்பளை பூட்ஸ், வாயில் எப்போதும் சிகரெட். எழுத்து தெரிந்த பெண்பிள்ளை என்பதால் ஊர் அவளுக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்துவிட்டது. ஸபேத்தா வீட்டில் தங்கி, பதினொரு நாள் வினிகரும் மூங்கில் சிலாம்பும் வைத்து அந்தப் பீடத்தைச் சுரண்டினாள். சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்து அடியில் எழுத்துகள் தெரிந்தன. ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் ஒட்டி, பன்றிமயிர்த் தூரிகையால் ஓங்கி ஓங்கி அடித்தாள். காகிதம் எழுத்துக்குள் இறங்கியது. காய்ந்ததும் உரித்து எடுத்தாள். அதைத் திருப்பிப் பிடித்தால் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. ஐந்து வரி படிக்க முடிந்தது. லீகோனின் மகள் திமாரெத்தா, கல்யாணம் ஆகாமல் போனவள், இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தையவள் என்று சொன்னாள். பாவம் பிள்ளை என்று பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். அடியில் இருந்த ஆறாவது வரி தேய்ந்துபோய் வசப்படவில்லை. இனி இந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது என்று அரசாங்க முத்திரை போட்ட காகிதம் ஒன்றைச் சுவரில் ஆணியடித்துவிட்டு, காகிதச் சுருளை எடுத்துக்கொண்டு படகேறினாள். முத்திரைக்கு எங்கள் ஊர் நற்செய்திக்கு அடுத்தபடியாகப் பயப்படும். அந்த அக்டோபரில் பனாகோஸ் செத்தான். சுரண்டிய கல்லின்மேல் வைத்த முதல் பெட்டி அவனுடையது.

அடுத்துத் தோண்ட வேண்டியது பாதிரியாரின் தாயாரை. தொண்ணூறு வயதுவரை ஒரு எறும்பைக்கூடத் திட்டாத மனுஷி. அவளைத் தோண்டுவதற்கு முந்தைய ஒன்பது நாளும் ஸபேத்தா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவள் வேண்டிக்கொண்டது என்ன என்று பிற்பாடு அவளே சொன்னதால் எங்களுக்குத் தெரியும்: அந்தக் கிழவியும் கரையாமல் கிடக்க வேண்டும் என்று. கிழவி கரையாமல்தான் கிடந்தாள். வாயில் வைத்த ரொட்டித் துண்டுகூட மிருதுவாக இருந்தது. பாதிரியார் குழியருகே மண்டியிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஸபேத்தா அன்று சாயங்காலம் ரொட்டி அடுப்படிக்குத் தலை நிமிர்ந்து போனாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1958இல் மரிகோவின் குழந்தை. ஆர்கிரிஸ் என்று பெயர், ஏழு மாதத்தில் காய்ச்சலில் போனது. அதற்கு ஞானஸ்நானத் தாயாக நின்றவள் ஸபேத்தா. சத்தியம் என்ற சொல்லை உச்சரிக்கக்கூட வாயில்லாத பிஞ்சு, குழிக்குள் கன்னம் சிவந்து தூங்கிக்கொண்டிருந்தது. அன்றோடு சத்தியத்தைப் பற்றிப் பேசுவதை ஊர் நிறுத்தியது. இது ஏதோ வேறு விஷயம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என்ன விஷயம் என்றுதான் தெரியவில்லை. ஆயரே கோவேறு கழுதையில் வந்து மூன்று மணிநேரம் மந்திரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தோண்டியவர்களும் முழுசாகத்தான் வந்தார்கள். குழிகள் நிரம்பின. ஒருவர்மேல் ஒருவராக வைத்தோம். மேட்டில் புல் முளைப்பது நின்றது. புதைத்த இடத்தில் மண் அமராமல், பொங்கிய மாவு போல எழும்பியே நின்றது. கல்லறைப் பக்கம் போகும் எறும்புச் சாரைகூட சுற்றிக்கொண்டுதான் போனது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் இரண்டு குழி கேட்டோம். உங்கள் பிணத்தை உங்கள் மண்ணே தொடாதபோது எங்கள் மண் தொடுமா என்று கேட்டு அனுப்பினார்கள். அந்த ஊரோடு இன்றுவரை பெண் கொடுப்பது கிடையாது. வெளியாரிடம் இதை மூச்சு விடுவதில்லை என்று லித்ரா முழுக்க ஒரே வாயாக இருந்தது.

ஆகவே 1960இல் பொலிக்ஸேனி திரும்ப வந்தபோது அவளுக்கு ஒன்றும் தெரியாது. தலை நரைத்திருந்தது, பூட்ஸ் அதேதான். ஸபேத்தா வீட்டு மேசையில் காகிதச் சுருளை விரித்தாள்.

“கடைசி வரி கிடைச்சிடுச்சு ஸபேத்தா. எட்டு வருஷம். கண்ணுக்கு மசியவேயில்லை. காகிதத்தோட பின்பக்கத்தைக் கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவித் தடவிப் படிச்சேன்.”

ஸபேத்தா ரொட்டி நறுக்கிக்கொண்டே, என்னதான் சொல்கிறாள் அந்தப் பெண் என்று கேட்டாள்.

“‘இந்தப் படுக்கை எனக்கு மட்டும். இதுமேல இன்னொருத்தரைக் கிடத்தினா, அவங்களை மண்ணு வாங்காம போகட்டும்.’ கல்யாணம் ஆகாம செத்தவ இல்லையா, படுக்கைமேல அவ்வளவு ரோஷம்.”

கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது.

“நூறு வருஷமா கிடத்திக்கிட்டுத்தானே இருந்தோம் டீச்சரம்மா. அப்பல்லாம் சும்மாதானே இருந்தா?”

“அப்பதான் வாய் நிறைய சுண்ணாம்பை அடைச்சு வெச்சிருந்தீங்களே. எப்படிப் பேசுவா?” என்று பொலிக்ஸேனி தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தாள். மறுநாள் படகில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அந்த ஆறு வரியைப் பற்றி ஏதோ ஒரு சஞ்சிகையில் எழுதியதாகக் கேள்வி.

படகு கண்ணுக்கு மறைந்ததும் ஸபேத்தா சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். மட்டையை நனைத்துவிட்டாள். கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. சுண்ணாம்பு அடித்தால் திமாரெத்தாவின் வாய் அடையும். மண் எல்லாரையும் வாங்கிக்கொள்ளும். பாதிரியாரின் தாய், ஆர்கிரிஸ், மற்றவர்கள் எல்லாரும் கரைவார்கள். பனாகோஸ்? கல்லின் சாபம் போன பிறகும் அவன் ஒருவன் மட்டும் கரையாமல் கிடந்தால்? எல்லாரும் முழுசாகக் கிடக்கும்வரை அவனும் எல்லாரில் ஒருவன். அவன் சத்தியம் மெய்யா பொய்யா என்று கேட்க யாருக்கும் வழியில்லை, அவளுக்கும் இல்லை. மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டித் தரையில் காய்ந்தது. வாளியை மூடி வீட்டுக்கு எடுத்துப் போனாள். முத்திரை போட்ட காகிதம் சுவரில் இருக்கிறதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வேண்டும்போது முத்திரை எவ்வளவு உதவியாக இருக்கிறது.

ஆறு வருடம் அப்படிப் போயிற்று. ஒவ்வொரு லாசரு சனிக்கிழமையும் அவள் கோவில் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள். கல்லுக்கு முன் வந்ததும் ஒரு சொட்டுகூடத் தெறிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். கல்லை ஈரத் துணியால் துடைத்தும் வைத்தாள் என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் பார்க்கவில்லை. ஏழு பெட்டிகள் அந்தக் கல்லின்மேல் இருந்து மேட்டுக்குப் போயின. ஒவ்வொரு சாவுக்கும் பங்கிடுகிற கோதுமையை அவள்தான் வேகவைத்து மாதுளை முத்து தூவிக் கொடுத்தாள். அவள் கை வேலையில் குறை சொல்ல முடியாது.

மரிகோவின் நிலைமைதான் தாங்க முடியாததாக இருந்தது. பிள்ளை முழுசாக இருக்கிறது என்று தெரிந்த நாள்முதல் சனிக்கிழமைதோறும் போய்க் குழியைத் திறந்து, தலை வாரி, உடுப்பு மாற்றிவிட்டு மூடிவிட்டு வந்தாள். அவளுக்கு மூத்ததாக இன்னும் ஒரு பெண் இருந்தாள், பதினோரு வயது. அது தன் தலையைத் தானே வாரிக்கொண்டு, தன் கஞ்சியைத் தானே காய்ச்சிக் குடித்தது. புருஷன் கப்பலில் வேலை என்று போனவன் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டான். 1965 கடைசியில் மரிகோ பிள்ளையை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டாள். தொட்டிலில் போட்டு ஆட்டினாள். அழவில்லை, வளரவில்லை, கண் திறக்கவில்லை. தூங்குகிறான் என்றாள். பாதிரியார் போய்க் கதவைத் தட்டினார். மெதுவாகத் தட்டுங்கள் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் சாப்பிட்டதாக யாருக்கும் தெரியவில்லை. பங்குனி மழையில் ஒருநாள் அந்தச் சிறு பெண் ஸபேத்தா வாசலில் வந்து நின்று, கொஞ்சம் எண்ணெய் கேட்டது. அம்மாவுக்கா என்று ஸபேத்தா கேட்டாள். தம்பிக்கு, தொட்டில் கிறீச்சிடுகிறது என்றது.

ஸபேத்தா எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு தானே போனாள். அன்று லாசரு சனிக்கு முந்தைய நாள். மரிகோ தொட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். வெளியே எலும்பும் தோலுமாக அவள், தொட்டிலுக்குள் கொழுகொழுவென்று பிள்ளை. யார் செத்தவர் என்று புதிதாக வந்தவர் கேட்டிருப்பார்.

“பிள்ளையை என்கிட்ட குடு மரிகோ. இன்னைக்கே மேட்டுல வெச்சிடுவோம்.”

“எதுக்குக்கா? மண்ணுதான் வேணாங்குதே.”

“நாளைக்கு வாங்கிக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. ஸபேத்தா சொல்லவில்லை. கல், கடைசி வரி, சுண்ணாம்பு, பனாகோஸ் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். மரிகோ தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ஆறு வருஷமா.”

“ஆறு வருஷம்” என்றாள் மரிகோ. “உன் புருஷன் நல்லவனா கெட்டவனான்னு தெரிஞ்சுக்கப் பயந்துக்கிட்டு, என் பிள்ளையை ஆறு வருஷம் வெளியில நிக்க வெச்சிருக்க.”

மரிகோ எழுந்து பிள்ளையைச் சால்வையில் சுற்றினாள். சுற்றி முடித்து அவள் கையில் கொடுக்கும்போது சத்தமே போடாமல் சொன்னாள். மண்ணாய்ப் போ என்று திட்டுகிற ஊர்கள் உண்டாம். எங்கள் ஊரில் அது ஆசீர்வாதம். எங்கள் சாபம் வேறு.

“நீ மண்ணாப் போகாம கெட.”

அன்றே பிள்ளையை மேட்டில் வைத்தார்கள். மறுநாள் காலையில் ஸபேத்தா முத்திரைக் காகிதத்தை ஆணியோடு பிடுங்கிவிட்டு, கல்லுக்கு மூன்று பூச்சு அடித்தாள். ஆறாவது வரியில் மட்டும் மட்டையை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். மூன்றாவது பூச்சு காயும்போது மேட்டிலிருந்து சல்லடையில் மாவு சலிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பாதிரியார் வாசலுக்கு வந்து பார்த்தார். எழும்பி நின்ற மண்ணெல்லாம் ஒரு முழம் உள்ளே அமர்ந்துகொண்டிருந்தது. அரை மணிநேரத்தில் சத்தம் நின்றது. ஈஸ்டர் கழிந்ததும் குழிகளைத் திறந்தோம். முதலில் ஆர்கிரிஸ், ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற எலும்பு, மரிகோ தானே கழுவினாள், கழுவும்போது எட்டு வருடம் அழாததை எல்லாம் அழுதாள். பிறகு பாதிரியாரின் தாய். பிறகு மற்றவர்கள். நான்கு நாள் ஊரெல்லாம் ஒயின் வாசம். அந்தச் சிறு பெண்ணுக்கு மரிகோ ஐந்தாம் நாள் தலை வாரிவிட்டாள்.

பனாகோஸின் குழியைக் கடைசியாகத் திறக்கச் சொல்லியிருந்தாள் ஸபேத்தா. ஊர் முழுக்க அங்கே நின்றது. வராதவர்கள் படுக்கையில் கிடந்தவர்கள் மட்டும். குழிவெட்டி பலகையைத் தூக்கினான். கறுப்புக் கோட்டுக்குள் எலும்புகள் இருந்தன. தேன் நிறம். அந்த நான்கு நாளில் கழுவிய எந்த எலும்பையும்விட நல்ல நிறம் என்று பெண்கள் வாய்விட்டுச் சொன்னார்கள், ஆளுக்கு ஆள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி ஸபேத்தாவைக் கட்டிக்கொண்டாள், உன் புருஷன் தங்கம் என்றாள். ஸபேத்தா மண்டையோட்டை இரண்டு கையாலும் எடுத்தாள்.

“சத்தியம் வாங்கினதும் நான். நம்பாததும் நான்தான்” என்றாள்.

அவள்தான் கழுவினாள். ஒயின் தீர்ந்த பிறகும் வெறும் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்த்ராதிஸைக் காட்டிக் கொடுத்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள அதற்குமேல் யாருக்கும் ஆசையும் இல்லை.

ஸபேத்தா இன்னும் பதினெட்டு வருடம் இருந்தாள். ஒவ்வொரு லாசரு சனியும் கல்லுக்கு நாலு பூச்சு அடித்தாள், ஏழு பெட்டிக்காரர் வீடுகளுக்கும் போய் மன்னிப்புக் கேட்டாள், கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். 1984 அக்டோபரில் செத்தாள். வெள்ளை வெளேரென்ற கல்லின்மேல் அவள் பெட்டியை வைத்து, முறைப்படி எல்லாம் செய்து, கணவன் கிடந்த அதே குழியில் புதைத்தோம். மூன்று வருடம் கழித்துத் தோண்டினால் அப்படியே இருந்தாள். அவளுக்கு முன்னும் பின்னும் செத்தவர்கள் ஒழுங்காகக் கரைந்து எலும்பறைக்குப் போய்விட்டார்கள். கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம், சுண்ணாம்பில் ஒரு கீறல் இல்லை. அதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை திறக்கிறோம். நகக்கண்ணில் இருக்கிற சுண்ணாம்புகூட உதிரவில்லை. மரிகோ ஒவ்வொரு முறையும் வருகிறாள். ஒரு கை மண்ணை அள்ளி, மண்ணே வாங்கிக்கோ, நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிட்டேன் என்று சொல்லி அவள்மேல் போடுகிறாள். மண் உருண்டு விலகிவிடுகிறது. மரிகோவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. தான் போவதற்குள் மண் கேட்டுவிடும் என்று அவள் நம்புகிறாள். நாங்கள் நம்பவில்லை, ஆனாலும் முறை வரும்போது அவளைக் கைபிடித்து மேட்டுக்குக் கூட்டிப் போகிறோம்.